சூரியனுக்குள் போட்டுவிட்டால் என்ன?

செல்வி: அண்ணா, முகில் வெள்ளிக்கிழமை பள்ளியில் பேச வேண்டும். அணு உலைக் கழிவை ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனுக்குள் போட்டுவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறான். நடக்கிற காரியமா?

குமார்: நல்ல கேள்வி. 1970களில் நாசாவே இதை ஆராய்ந்து பார்த்தது.

யாழினி: சூரியனில் விழவைப்பதுதான் கஷ்டம் அத்தை. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. இங்கிருந்து கிளம்பும் எதற்கும் அந்த வேகம் இருக்கும். அதை ஏறக்குறைய முழுவதும் குறைத்தால்தான் உள்ளே விழும். சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே அனுப்ப 12 கி.மீ. கூட்டினால் போதும்.

முகில்: அப்படியென்றால் வெளியே அனுப்பிவிடலாமே அக்கா?

குமார்: அளவைப் பார் முகில். உலகம் முழுக்க உலைகளிலிருந்து இதுவரை எடுத்த எரிபொருள் சுமார் 4 லட்சம் டன். நம் எல்விஎம்3 ராக்கெட் பூமிக்குப் பக்கத்துச் சுற்றுப்பாதைக்கே 8 டன் போலத்தான் தூக்கும். மிகக் கொடியதை மட்டும் பிரித்து அனுப்பினாலும், ஒரு ராக்கெட்கூடத் தவறக் கூடாது.

செல்வி: தவறினால்?

குமார்: 1978 ஜனவரி 24-ஐ மறக்க முடியாது. சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோளுக்குள் ஒரு சிறிய அணு உலை இருந்தது. கட்டுப்பாடு இழந்து கனடாவின் வடக்குப் பனிக்காட்டின் மேல் சிதறியது. கதிர்வீச்சுள்ள துண்டுகள் 600 கி.மீ. நீளத்துக்கு விழுந்தன. கனடாவும் அமெரிக்காவும் மாதக்கணக்கில் 1,24,000 சதுர கி.மீ. தேடியும், கிடைத்தது எரிபொருளில் 0.1 சதவீதம் போலத்தான். கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, சோவியத் 30 லட்சம் கொடுத்தது.

முகில்: அங்கே ஆட்கள் இருந்தார்களா மாமா?

குமார்: இருந்தார்கள். காட்டு மானை வேட்டையாடி வாழும் பழங்குடி மக்கள். நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. ஆனால் அந்த உலையால் அவர்களுக்கு என்ன லாபம்? அவர்கள் மண்ணில் ஏன் விழ வேண்டும்? இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

செல்வி: பாவம் அண்ணா. அப்புறம் கழிவை எங்கேதான் வைப்பது?

யாழினி: பின்லாந்தில் ஒன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள் அத்தை. செப்புப் பெட்டியில் அடைத்து, சுற்றிலும் களிமண் நிரப்பி வைப்பார்கள். தவறு நடந்தால் தோண்டியாவது எடுக்கலாம். வானத்தில் வெடித்ததை எப்படி அள்ளுவது?

முகில்: மாமா, கனடாவில் விழுந்ததிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறேன். பெரிய வரைபடம் கிடைக்குமா?

குமார்: என் பழைய அட்லஸ் இருக்கிறது. நாளை சாயங்காலம் கொண்டு வருகிறேன்.