லேசி மொழிக்கு டீபக்கர்: பிரேக்பாயிண்ட் எதன் மேல் வைப்பது?

கேள்வி:
ஹாஸ்கெல் மாதிரி லேசியாக (மதிப்பு தேவைப்படும்போது மட்டும் கணக்கிட்டு) ஓடும் ஒரு குட்டி மொழிக்கு இன்டர்பிரட்டர் எழுதி முடித்து, இப்போது டீபக்கரில் (புரோகிராமை நடுவில் நிறுத்திப் பிழை தேடும் கருவி) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரே வரியில் ஃபில்டர், மேப், சம் மூன்றும் இருந்தால் பிரேக்பாயிண்ட் வைத்து எதில் நிறுத்துவது? எங்காவது நிறுத்தினாலும், ஸ்டாக்கில் (இன்னும் முடியாத ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கில்) சம் மட்டும்தான் தெரிகிறது, லிஸ்ட்டை உருவாக்கிய ஃபங்ஷனைக் காணவே காணோம். இதற்கு என்னதான் வழி?

பதில் 1:
வரியை விடுங்கள், எக்ஸ்பிரஷனை (வரிக்குள் மதிப்புத் தரும் ஒவ்வொரு துண்டையும்) பிடியுங்கள். ஹாஸ்கெலின் ஜி.எச்.சி.ஐ டீபக்கர் (2007இல் 6.8 பதிப்போடு வந்தது) அப்படித்தான் செய்கிறது. வரி எண் மட்டும் கொடுத்தால், அந்த வரியிலேயே தொடங்கி அதிலேயே முடிகிற எக்ஸ்பிரஷன்களில் இடதுகோடியில் உள்ளதை எடுத்துக்கொள்ளும், வேறு இடம் வேண்டுமென்றால் நெடுவரிசை (column) எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

அதைவிட முக்கியம், மதிப்பைக் காட்டுகிறேன் என்று டீபக்கரே எதையும் கணக்கிட்டுவிடக் கூடாது. முடிவில்லாத லிஸ்ட்டாக இருந்தால் அங்கேயே தொங்கிவிடும், எரர் உள்ளே ஒளிந்திருந்தால் நீங்கள் எட்டிப்பார்த்ததாலேயே வெடிக்கும். 1 : 2 : _ என்று, இதுவரை கணக்கிட்டதை மட்டும் காட்டுங்கள். மீதியைக் கணக்கிட :ஃபோர்ஸ் மாதிரி தனிக் கட்டளை இருக்கட்டும்.

ஸ்டாக்கில் உருவாக்கியவர் இல்லாதது உங்கள் பிழை இல்லை. லேசி மொழியில் ஸ்டாக் சொல்வது மதிப்பை இப்போது கேட்டது யார் என்பதைத்தான். அதனால்தான் ஜி.எச்.சி.ஐயில், கடந்து வந்த படிகளைப் பதிவுசெய்ய :ட்ரேஸ், அவற்றைக் காட்ட :ஹிஸ்டரி இரண்டும் உண்டு. வழக்கமாகக் கடைசி 50 படிகளை நினைவில் வைத்திருக்கும்.

பதில் 2:
50 படி எந்த மூலைக்கு? ஓகாமல் மொழியின் டீபக்கரைப் பாருங்கள், பின்னோக்கியே நடக்கலாம். ஓடும்போதே ஃபோர்க் போட்டு (ஓடும் புரோசஸை அப்படியே நகலெடுத்து) செக்பாயிண்ட் எடுத்துவைக்கும், பின்னால் போகச் சொன்னால் பழைய செக்பாயிண்ட்டிலிருந்து மறுபடி ஓட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். பைட்கோடுக்கு (நேரடி மெஷின் கோடாக அல்லாமல் இடைநிலைக் கோடாக மாற்றிய புரோகிராமுக்கு) மட்டும்தான், விண்டோஸில் ஃபோர்க் இல்லாததால் அங்கே இந்த வசதி கிடையாது. ஃபைலில் எழுதியதை அழித்துத் தராது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. டெயில் கால் (ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைப்பது)? பழைய ஃபிரேமே (ஸ்டாக்கில் அந்த அழைப்புக்கான இடம்) மிஞ்சுவதில்லையே, டீபக் மோடில் இப்படி ஃபிரேமை நீக்குவதை அணைத்துவிடலாமா?

பதில் 3:
தயவுசெய்து வேண்டாம். லூப் எல்லாம் ரிகர்ஷனாக இருக்கும் மொழியில் அதை அணைத்தால், நன்றாக ஓடிய புரோகிராம் டீபக் செய்யும்போது மட்டும் ஸ்டாக் நிரம்பிச் சாகும், அப்புறம் அது ஒரு தனி வழக்கு. எம்.ஐ.டி ஸ்கீம் மொழியில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கடைசிச் சில டெயில் கால்களை மட்டும் ஒரு வளையத்தில் வைத்திருப்பார்கள், பழையதன் மேல் புதியது எழுதிக்கொண்டே போகும். மெமரி அளவு மீறாது, எந்த வழியாக வந்தோம் என்பதும் ஓரளவு தெரியும். முதலில் இதைச் செய்யுங்கள், பின்னோக்கி நடப்பதை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.