உயிர்த்த ஞாயிறன்று அழுகிறவர்களுக்கு ஆலயத்தில் இடம் உண்டா?

கேள்வி

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் ஒரு சிறிய சபையின் பாடகர் குழுவை நான் நடத்துகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, பல ஆலயங்களில் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் நடந்த நாளில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளியை முடித்துவிட்டு ஆராதனைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் நடுவே குண்டு வெடித்தபோது தம் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருவர் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் உயிர்த்தெழுதலின் பாடலை நாங்கள் தொடங்கியதும் அவர் எழுந்து வெளியே போய், பாடல் முடியும்வரை முற்றத்தில் நிற்பார். சென்ற ஆண்டு மூப்பர் ஒருவர் அவரிடம், 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டி, நம்பிக்கையற்றவர்களைப் போல விசுவாசி துக்கிக்கலாமா என்று கேட்டுவிட்டார். அதன்பின் அந்த அம்மா வருவதில்லை. அந்த வசனத்தின் கருத்து உண்மையிலேயே அதுதானா? அவர் திரும்பி வந்தால் நான் எந்தப் பாடலைப் பாடுவது?

மறுமொழி: மறைக்கல்வி ஆசிரியர், நீர்கொழும்பு

அன்புச் சகோதரருக்கு, அந்த வசனம் அழுகையைத் தடுக்கவில்லை. நம்பிக்கை இல்லாத அழுகையிலிருந்து நம்பிக்கையுள்ள அழுகையைப் பிரித்துக் காட்டுகிறது. அதை எழுதிய புனித பவுலே, தம் உடன் உழைப்பாளரான எப்பாப்பிரோதீத்து நோயினால் இறந்திருந்தால் தமக்குத் துயரத்தின்மேல் துயரம் நேர்ந்திருக்கும் என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று அவரைவிட உறுதியாக நம்பியவர் யார்? அந்த நம்பிக்கை அவரைத் துயரத்திலிருந்து விலக்கி வைக்கவில்லை. அழுவோரோடு அழுங்கள் என்று உரோமையருக்கு எழுதியவரும் அவர்தாம். அழுவோரைத் திருத்துங்கள் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

எங்கள் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே உயிர்த்த ஞாயிறு காலை இங்கேயும் குண்டு வெடித்தபோது, அங்கே நின்ற உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தின்மீது, திருப்பலிக்கு வந்திருந்த மக்களின் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவித் துடைத்துப் புதிதாக வர்ணம் பூசியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இரத்தக் கறையுடனேயே கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். நான் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தையே வாசிக்கச் சொல்கிறேன். உயிர்த்த ஆண்டவர் தோமையாருக்குக் காட்டியது காயங்களை. சாவை வென்ற உடலில் ஆணித் தழும்புகள் மறையாமல் இருந்தன என்றால், அந்தத் தாயின் காயம் மறைந்த பிறகுதான் அவர் பாஸ்கா என்னும் உயிர்ப்பு விழாவைக் கொண்டாட வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுமொழி: கொழும்பு வாசகி

அதே நாளில் தாக்கப்பட்ட கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துப் பங்கில் அன்று உறவுகளை இழந்த குடும்பங்களோடு பழகியவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இவர்களுக்கு நினைவு நாள் ஆண்டில் இரண்டு தடவை வருகிறது: ஏப்ரல் 21 ஒன்று, அந்தத் தேதியில் வராமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும் உயிர்த்த ஞாயிறு மற்றொன்று. 2025-இல் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. அந்த இரண்டு நாளும் கடந்து போகும்வரை சில வீடுகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆகவே எந்தப் பாடலைப் பாடுவது என்பதை நீங்களே தீர்மானிக்காமல், முன்கூட்டியே அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே கேளுங்கள். அவர் முற்றத்தில்தான் நிற்பேன் என்றால் யாராவது ஒருவர் அவருடன் போய் நிற்கட்டும், பேசத் தேவையில்லை.

மறுமொழி: யாழ்ப்பாணத்திலிருந்து

முதல் மறுமொழியோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் துக்கம் என்பது அழுகையோடு முடிவதில்லை, அது நீதியையும் கேட்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். உள்நாட்டுப் போரின்போது, 1995 ஜூலை 9 அன்று, யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானப் படையின் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தச் சம்பவத்துக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. எங்களுக்கும் பரலோகத்தைச் சொல்லி ஆறுதல் கூறினார்கள். அது பொய்யான ஆறுதல் அல்ல. ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லும் ஆறுதலாக அது மாறும்போது வேதாகமத்தை விட்டு விலகிவிடுகிறது. வெளிப்படுத்தலின் 6-ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களே பலிபீடத்தின் கீழிருந்து ‘எதுவரைக்கும்’ என்று சத்தமிட்டுக் கேட்கிறார்கள். தேவன் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் வெள்ளை அங்கியைக் கொடுக்கிறார்.

கொழும்புப் பேராயராக இருந்த கர்தினால் மெல்கம் ரஞ்சித் 2020 உயிர்ப்புப் பெருவிழாவில், 2019-இல் தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். தாக்கியவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதற்காக முஸ்லிம் மக்கள்மீது எவரும் கை வைக்கக்கூடாது என்று தாக்குதலுக்குப் பின் கேட்டுக்கொண்டவரும் அவரே. ஆனாலும் 2019 மே மாதத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன என்பதை நாம் துயரத்தோடு நினைவில் வைத்திருக்க வேண்டும். மன்னித்ததாகச் சொன்ன அதே கர்தினால், உண்மையை வெளிப்படுத்தக் கோரி ஆண்டுக்கணக்கில் அரசாங்கங்களோடு வாதாடினார். முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழிவாங்க மறுப்பதும் உண்மையைக் கேட்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் கண்டேன். உங்கள் சபையின் அம்மாவுக்கு அழுகையோடு கோபமும் இருந்தால், அதற்கும் இடம் கொடுங்கள்; 13-ஆம் சங்கீதம் கோபத்தோடுதான் தொடங்குகிறது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மூப்பரும் நானும் சேர்ந்தே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மூப்பர் பிலிப்பியர் நிருபத்தின் அந்தப் பகுதியை வாசித்து, தாம் சொன்னது தவறு என்று அவரிடம் ஒப்புக்கொண்டார். அம்மா அதிகம் பேசவில்லை, தேநீர் தந்தார். புறப்படும் நேரத்தில்தான் பாடலைப் பற்றிக் கேட்டேன். உயிர்த்தெழுதலின் பாடலை நிறுத்த வேண்டாம், மகளுக்கு அது பிடிக்கும் என்றார். அதற்கு முன் 13-ஆம் சங்கீதத்தை யாராவது வாசித்தால் உள்ளேயே இருந்து பார்ப்பதாகவும், முடியாவிட்டால் எழுந்து போவதாகவும் சொன்னார். வாசலோரமாக அவருக்கு ஒரு நாற்காலியும், பக்கத்தில் என் மனைவிக்கு ஒன்றும் போடப் போகிறோம்.