புதுப்பிப்பு: ஸ்பினெட்டில் ஊமையாகிப்போன கீகள் சரியாகிவிட்டன

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. 17-ம் நூற்றாண்டில் லண்டனில் ஸ்டீபன் கீன் என்ற கைவினைஞர் செய்த ஸ்பினெட்டை (கீயை அழுத்தினால் கம்பியை மீட்டி ஒலிக்கும் சிறிய கீபோர்டு கருவி) பார்த்துக் கையால் செய்த கருவி என்னுடையது, குளிர் தொடங்கியதும் நடுவில் சில கீகள் ஒருதரம் ஒலித்துவிட்டு அடுத்த தரம் சத்தமே தராமல் இருக்கின்றன என்று கேட்டிருந்தேன்.

கம்பியின் அதிர்வை நிறுத்தும் டேம்பர் துணியை மாற்றியதில் பலனில்லை. ஜாக்கில் (கீயை அழுத்தினால் மேலே எழும் மெல்லிய பட்டை), மீட்டும் முனையைத் தாங்கி அசையும் நாக்குக்குப் பின்னால் இருக்கும் பன்றிமுடி ஸ்பிரிங்கைத் தளர்த்தியது கொஞ்சம் உதவியது, அவ்வளவுதான். கைகொடுத்தது, கம்பியை மீட்டும் டெல்ரின் (ஒருவகை பிளாஸ்டிக்) முனையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்ன பதில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெட்டிய இடத்தில் மெல்லிய பிசிறு, ஜாக் இறங்கும்போது அது கம்பியைத் தாண்டாமல் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. புது பிளேடால் அடியை வழவழப்பாகச் சீவியதும் சரி.

எதிர்பாராதது: இரண்டு கீகள் அப்புறமும் அடம்பிடித்தன. ஹீட்டர் சூட்டில் ஒலிப்பலகை காய்ந்து லேசாகத் தாழ்ந்து, கம்பிகளும் கூடவே இறங்கியிருக்கின்றன. அறை ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததும் தானாகவே சரியாகி, சுருதியும் ஏறிவிட்டது. அதனால் குளிர்காலத்தில் உயரத்தைக் குறைக்க ஜாக்கின் அடியைத் தேய்க்காதீர்கள், கோடையில் கம்பிகள் மறுபடி உயரும்போது ஜாக் குட்டையாகிவிடும். இன்னொன்று, ஸ்பினெட்டில் பக்கத்துப் பக்கத்து ஜாக்குகள் எதிரெதிர்த் திசையில் மீட்டும். கழற்றும் முன் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள்.