உப்புக்காற்றுள்ள ஊர்களுக்குச் சவரக்கத்தியை எடுத்துச்செல்வது எப்படி?

மண்டபம் பயணி:
வணக்கம். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வேலைக்காக மாதத்தில் பத்து நாள்கள் தொண்டி, மண்டபம், பாம்பன் என்று தங்க வேண்டியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக மடக்குக் கத்தியில்தான் சவரம் செய்துகொள்கிறேன். வெளியூரிலும் அதை விட மனமில்லை. சென்ற முறை கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், பிரஷ், சோப்பு எல்லாவற்றையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அடக்கிக்கொண்டு போனேன். பாம்பனில் மூன்றாம் நாள் காலை கத்தியை விரித்தபோது, விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கன்னத்தில் வைத்ததும் முடியைப் பிடித்து இழுத்தது. விடுதிக் குழாயில் வந்த உப்புத்தண்ணீரில் சோப்பும் நுரைக்கவில்லை. கையடக்கமான பெட்டியை எப்படி அமைப்பது?

சாணைக்கல்:
அந்த டப்பாதான் கத்தியைக் கெடுத்திருக்கிறது. ஈரப் பிரஷையும் கத்தியையும் ஒரே மூடிக்குள் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை; அத்துடன் உப்புத்தண்ணீரில் கழுவிய அலகில் எஞ்சும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கார்பன் எஃகு அதைத் தாங்காது. சவரம் முடிந்ததும் கத்தியைக் குடிநீரில் அலசி, பிடியின் இடுக்கிலும் ஆணியைச் சுற்றியும் துணிமுனையை நுழைத்துத் துடைத்து, அரைமணி நேரமாவது விரித்தே வையுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை, முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பூசுங்கள். மறுநாள் தீட்டுவதற்கு முன் அதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தோல் எண்ணெய் குடித்து வீணாகும்.

தொங்கும் தோல்வாரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நான் எட்டு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உள்ள தேக்குப் பலகையில் தோலை ஒட்டி வைத்திருக்கிறேன். அலகின் நீளமும் ஏறத்தாழ மூன்று அங்குலம் என்பதால் நேராகவே தீட்டலாம். பலகை குட்டையானது என்பதால் மட்டும் கூடுதலாக இருபது முறை இழுக்கிறேன். பெட்டிக்கு நம் மாவட்டத்துப் பனையோலைப் பெட்டியே போதும். முடைசலின் இடைவெளி வழியே பிரஷின் ஈரம் காய்ந்துவிடும்.

கீழக்கரைக்காரன்:
ஓலைப் பெட்டி பிரஷுக்குச் சரி, கத்திக்குப் போதாது. ஈரம் போகும் வழியாகவே உப்புக்காற்றும் வரும். என் தாத்தா சவரத் தொழிலாளி. அவருடைய அடைப்பத்தில், அதாவது சவரக் கருவிகள் வைக்கும் பையில், கத்திகளுக்கென்று தனி அறை இருந்தது. ஒவ்வொன்றையும் எண்ணெய் ஊறிய பருத்தித் துணியில் சுருட்டித்தான் வைப்பார், படிகாரக் கல்லை அதன் பக்கத்தில் விடவே மாட்டார். நீங்களும் உலர்ந்தவை ஓர் அறையிலும் ஈரமானவை மற்றோர் அறையிலும் இருக்கும்படி பை தைத்துக்கொள்ளுங்கள். விலங்குமுடி பிரஷைவிடச் செயற்கை இழை பிரஷ் விரைவில் உலரும். நுரைக்கு அரை டம்ளர் கேன் தண்ணீர் போதும். விமானத்தில் போவதாக இருந்தால் கத்தியைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள்.

மண்டபம் பயணி:
இருவருக்கும் நன்றி. பலகைக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். விளிம்பில் விழுந்த புள்ளிகள் தோலில் தீட்டினால் போகுமா?

சாணைக்கல்:
போகாது. விளிம்பில் குழி விழுந்திருந்தால், அது மறையும்வரை சாணைக்கல்லில் தேய்த்துப் புது விளிம்பு எடுக்க வேண்டும். அதை வீட்டிலேயே பொறுமையாகச் செய்யுங்கள். கல்லைப் பயணத்தில் சுமக்க வேண்டாம்.