கூரை லைட், மணிக்கூடு, ரேடியோ ஞாபகம் மூன்றும் ஒன்றாகப் போகின்றன. பியூஸ் நிற்குதில்லை, உதவி தேவை

உவர்மலைக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1993 டொயோட்டா கொரோலா. 2021 இல் வாங்கினேன். வாகன இறக்குமதி நின்று பழைய காருக்கெல்லாம் கொம்பு முளைத்திருந்த காலம், விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு இரவு கதவைத் திறந்தேன், கூரை லைட் எரியவில்லை. பல்ப் போயிருக்கும் என்று மாற்றினேன். அப்பவும் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், டாஷ்போர்ட் மணிக்கூடும் செத்துக் கிடக்கிறது. ரேடியோ பாடுகிறது, ஆனால் சாவியை எடுத்துத் திரும்பப் போட்டால் பிடித்து வைத்த ஸ்டேஷன் எல்லாம் மறந்துவிடுகிறது. ஹெட்லைட், ஹோர்ன், வைப்பர் எல்லாம் சரி.

முழங்கால் பக்கத்துப் பியூஸ் பெட்டியைத் திறந்து, சாவி போடாமல் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி பியூஸில் கரண்ட் இல்லை. பயந்துபோய் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே என்ஜின் பக்கப் பெட்டியில் சிவப்பு 10 அம்பியர் பியூஸ் ஒன்று போட்டுத் தந்தார்கள், எல்லாம் உயிர் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. அடுத்தது ஐந்து நாள் நின்றது. கடைசியாகப் போட்டது சனிக்கிழமை விடிய, கோணேசர் கோயிலில் வைத்துப் போனது. கோட்டை வாசலுக்குள் நுழையும்போது மணிக்கூடு நேரம் காட்டியது. மேலே போய், டிக்கியில் இருந்த பூசைச் சாமானை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் இல்லை.

இப்போது கராஜில் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு தேவையா?

நிலாவெளி றோட்:
எனக்கும் இப்படித்தான் இருந்தது. 15 அம்பியர் நீலப் பியூஸ் போட்டேன், ஒரு வருசமாக நிற்கிறது. சும்மா யோசிக்காமல் போடுங்கள்.

கிண்ணியா வயரிங் பாஸ்:
தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். கூரை பல்ப் 10 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஒரு அம்பியர்கூட இழுக்காது. மணிக்கூடும் ரேடியோ ஞாபகமும் அதைவிடக் கொஞ்சம். இவ்வளவு சின்ன வேலைக்கு 10 அம்பியர் பியூஸ் எரிகிறது என்றால் எங்கேயோ வயர் பொடியில், அதாவது காரின் இரும்பு உடம்பில் முட்டுகிறது. பியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது வயர். கூரைத் துணிக்குள்ளே வயர் உருகினால் பிறகு நீங்கள் தேடுவது லைட்டை அல்ல, தண்ணீரை. பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்தான்.

முக்கால்வாசியில் கரண்ட் இல்லை என்று பயந்தீர்கள் அல்லவா, அது பழுதே இல்லை. அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் சாவி போட்டால்தான் உயிர் வரும். சாவியைப் போட்டுவிட்டு, பியூஸின் தலையில் இருக்கும் இரண்டு குட்டி ஓட்டைகளிலும் டெஸ்டரை வையுங்கள். இரண்டிலும் டெஸ்டர் லைட் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் அது போனது. இரண்டிலும் இல்லை என்றால் குற்றம் பியூஸில் இல்லை, அதற்கு முன்னால்.

இன்னொன்று. கதவு சுவிட்சைச் சந்தேகப்பட வேண்டாம். பழைய ஜப்பான் கார்களில் கூரை லைட்டுக்கு பிளஸ் எப்போதும் வந்து நிற்கும், கதவு சுவிட்ச் மைனஸைத்தான் தொடுக்கும். அந்த வயர் பொடியில் முட்டினால் லைட் அணையாமல் எரிந்துகொண்டிருக்குமே தவிர பியூஸ் போகாது. உங்களுக்கு முட்டுவது பல்புக்கு முந்திய பிளஸ் வயர். முழு வயரிங் மாற்றுவது தலைவலிக்குத் தலையை மாற்றுகிற கதை.

இப்போது எனக்கு ஒரு பதில் வேண்டும். முந்தின இரண்டு முறையும் பியூஸ் போன நாளில் டிக்கியைத் திறந்தீர்களா? டிக்கி மூடியில் யாராவது பிறகு பூட்டிய லைட் ஏதும் இருக்கிறதா?

உவர்மலைக்காரன்:
நானா, கேட்ட பிறகுதான் உறைக்கிறது. முதல் தடவை சந்தையில் இருந்து அரிசி மூட்டை ஏற்றிய நாள். இரண்டாவது நினைவில்லை. டிக்கி மூடியில் ஒரு எல்ஈடி பட்டி ஒட்டியிருக்கிறது, முந்தின சொந்தக்காரர் பூட்டியது. அது எரிந்து நான் பார்த்ததில்லை, அதனால் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கிண்ணியா வயரிங் பாஸ்:
அங்கே பாருங்கள். ஆனால் ஊகத்தில் வெட்டாதீர்கள், ஒரு பரிசோதனை சொல்கிறேன். பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி, எரிந்த பியூஸைக் கழற்றி அந்த இடத்தில் செருகுங்கள். கதவெல்லாம் மூடியிருக்கட்டும். ஷோர்ட், அதாவது பிளஸ் வயர் பொடியில் முட்டுவது இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், இரண்டு அம்பியருக்கு மேல் போக விடாது என்பதால் வயருக்கும் சேதமில்லை. ஷோர்ட் இல்லை என்றால் எரியாது, அல்லது மினுக்கென்று இருக்கும். ஒருவர் பல்பைப் பார்க்க, மற்றவர் டிக்கியை மெல்லத் திறந்து மூடட்டும். பியூஸ் ஒன்றும் செலவாகாது.

உவர்மலைக்காரன்:
செய்தாயிற்று! மகள் பல்ப் முன்னால் நின்றாள், நான் டிக்கியைத் தூக்கினேன். பாதிக்கு மேல் போனதும் "அப்பா எரியுது" என்று கத்தினாள். இறக்கினால் அணைகிறது.

பட்டிக்கு வந்த வயர் றப்பர் குழாய்க்குள் போகவில்லை. கீல் பக்கத்தில் வெறுமனே விட்டு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நசுங்கி, தோல் உரிந்து செம்பு தெரிந்தது. மறுமுனையைத் தேடிப் போனால் கூரை லைட்டின் பிளஸில் முறுக்கி ஒட்டியிருக்கிறார்கள், தனிப் பியூஸ் எதுவும் இல்லை. பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு அந்த வயரை முழுதாக எடுத்து எறிந்தேன், பழைய இணைப்பில் டேப் சுற்றினேன். புதிய சிவப்பு 10 போட்டு இன்று ஒன்பதாம் நாள். டிக்கியை ஐம்பது தரமாவது திறந்திருப்பேன்.

ஒன்று மட்டும் மிச்சம்: இடது பின்கதவைத் திறந்தால் லைட் வருவதில்லை, மற்ற மூன்றுக்கும் வருகிறது.

கிண்ணியா வயரிங் பாஸ்:
அது நம் ஊர் உப்புக்காற்றின் வேலை. அந்தச் சுவிட்சுக்கு மைனஸ் கிடைப்பதே அதைப் பூட்டிய ஸ்குரு வழியாகத்தான், அங்கே கறள் பிடித்திருக்கும். ஸ்குருவைக் கழற்றி இரண்டு பக்கமும் சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பூட்டுங்கள். கழற்றும்போது வயரில் ஒரு நூல் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், கதவுத் தூணுக்குள் விழுந்தால் அரை நாள் போய்விடும்.