பெரியவங்களுக்கு ஏத்த தமிழ் வினாடி வினா எங்க கிடைக்கும்?

சேலம் அம்மாபேட்டையில இருக்கோம். அப்பாவுக்கு 74 வயசு. தறி ஓட்டுறதை நிறுத்தினதுல இருந்து நாள் முழுக்க டிவிதான். மறதி நோய் எதுவும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். மூளைக்கு வேலை இருக்கட்டும்னு பொங்கலுக்கு அப்புறம் சாயங்காலத்துல வினாடி வினா ஆரம்பிச்சோம். பக்கத்து வீட்டுப் பெரியவங்களும் திண்ணையில வந்து சேர்ந்துக்கிட்டாங்க.

சிக்கல் கேள்விகள்லதான். ஆண்ட்ராய்டு போன்ல போட்ட ஆப் எல்லாத்துலயும் எழுத்து பொடிசு, 15 செகண்ட்தான் டைம். பதில் நாக்கு நுனியில நிக்கும்போதே சிவப்பு இன்ட்டு மார்க் வந்துடும். அப்பா போனைக் கவுத்து வெச்சிட்டு எழுந்து போயிடுவார். டிஎன்பிஎஸ்சி புத்தகம் வாங்கினேன். சட்டப்பிரிவு நம்பரெல்லாம் திண்ணையில யாருக்கு வேணும்? நானே சிலது எழுதினேன். மேட்டூர் அணை கட்டி முடிச்ச வருஷம் (1934), 1917-ல சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர் (ராஜாஜி), இப்படி. இதுக்குப் பதிலோட பழைய கதையும் சேர்ந்து வருது, ராத்திரி சாப்பாடே லேட்டாகுது! ஆனா என் சரக்கு தீர்ந்துபோச்சு. ஒருத்தருக்குக் காது மந்தம், அதனால ஆடியோ சரிப்படாது.

பழைய சினிமா, நம்ம ஊர், விவசாயம் பத்தின கேள்விகள் பெரிய எழுத்துல, தமிழ்ல, புத்தகமாவோ பிடிஎஃப்பாவோ எங்க கிடைக்கும்?