புதுப்பிப்பு: அகத்தியர்கூடத்துக்குப் பெண்களை விடுவார்களா?

கேரளத்து அகத்தியர்கூடம் மலையைப் பற்றிப் போன மாதம் இந்தக் கேள்வியைப் போட்டிருந்தேன். "அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். அனுப்பவில்லை. நானும் அக்காவும் உச்சி வரை போய் வந்துவிட்டோம்.

அந்தத் தடை பழைய கதை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களையும் விடச் சொன்னது. அதற்குப் பிறகு 2019 ஜனவரியில் தன்யா சனல் முதல் பெண்ணாக ஏறினார். அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் ஏறக்கூடாது என்று அங்கே வாழும் பழங்குடிகளான காணி மக்கள் அப்போது எதிர்த்தார்கள். லோபாமுத்திரை என்று ஒரு மனைவி இருந்தாரே என்று வாய் வரை வந்தது. வழிகாட்டியாக வந்த காணி அண்ணனிடம் கேட்கவில்லை.

முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை வெறும் நடைதான், அட்டைக்கடி தனி. மறுநாள் பொங்கலப்பாறை தாண்டினால்தான் விஷயமே. வழுக்குப் பாறையில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கையால் மட்டும் இழுத்து ஏறினால் தோள் போய்விடும். பாதத்தை முழுசாகப் பாறையில் அழுத்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, காலால் ஏற வேண்டும். அக்கா என்னைவிடச் சுலபமாக ஏறினாள். உச்சி 1868 மீட்டர். மேகம் விலகினால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் தெரிகிறது.

அப்புறம், மாதவிடாய் நாளில் போகலாமா என்று கேட்ட தோழிக்கு: எங்களிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பயன்படுத்திய நாப்கினைத் திரும்ப எடுத்துவர, மூடக்கூடிய பை ஒன்று கொண்டுபோங்கள்.